ஐந்து மணிக்கு அழைக்கப்பட்டவர்



பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறாகிய இன்று, திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையைத் திரு அவை நமக்குத் தருகிறது. மத்தேயு நற்செய்தி, 20ஆம் அதிகாரம். விடியற்காலையில் வேலைக்கு வந்தவருக்கும் ஒரு தெனாரியம், மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் அதே ஒரு தெனாரியம். எத்தனை ஆண்டுகள் கேட்டிருந்தாலும், இந்த இடம் வரும்போது நம் மனம் ஒரு கணம் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. இது என்ன நியாயம் என்று உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு. காரணம் தெரிந்ததுதான். உவமையைக் கேட்கும் நாம் ஒவ்வொருவரும் நம்மை விடியற்காலை ஆளாகவே எண்ணிக்கொள்கிறோம். கொடியேற்றத்திலிருந்து ஓடியாடி வேலை பார்த்தவர்கள் நாம். கடைசி நாள் சப்பரம் புறப்படும்போது வெள்ளை வேட்டியோடு முன்னால் வந்து நிற்பவர் வேறு யாரோ!

ஐந்து மணிக்கு வந்தவர்களைப் பற்றி நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் படமும் அப்படித்தான். பகல் முழுவதும் மரத்தடியில் படுத்திருந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு சோம்பல் முறித்து எழுந்து வந்தவர்கள் என்று நினைக்கிறோம். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சந்தைவெளியில் நின்றார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் கேட்டதற்கு, தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்ற ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை, அனுப்பிவிட்டார்.

அந்த மனிதர்களின் பகல் எப்படிக் கழிந்திருக்கும்? இதை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம். அதற்காக, அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் இசைக் கச்சேரிக்கு உங்களை அழைத்துச் செல்கிறோம்.

1963, ஜூலை மாதம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், ரோட் ஐலண்டு மாநிலத்தில் நியூபோர்ட் என்னும் ஊர். அங்கே 26 முதல் 28 வரை மூன்று நாள்கள் நாட்டுப்புற இசை விழா. 1959இல் தொடங்கிய இந்த விழா, இடையில் இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. மறுபடி தொடங்கியபோது, பாடகர் பீட் சீகர் முதலானோர் ஒரு விதி செய்தார்கள். மேடையேறும் எவராக இருந்தாலும் ஊதியம் 50 டாலர். பயணச் செலவு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விழாக் குழுவின் பொறுப்பு. நாடெங்கும் பெயர் பெற்றிருந்த ஜோன் பயஸுக்கும் 50 டாலர். புகழின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்த பாப் டிலனுக்கும் 50 டாலர். இருவருக்கும் அப்போது வயது 22. தன் ஊர் எல்லையைத் தாண்டினால் யாரும் அறியாத ஒரு கிராமத்துப் பாடகருக்கும் அதே 50 டாலர்தான். விழா நடத்தியவர்கள் மத்தேயு 20ஐ மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கு அச்சு அசலாக அந்தத் தெனாரியக் கணக்குத்தான்.

அந்த விழாவில் ஒரு முதியவர் கிட்டாரோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். சிறிய உருவம். தலையில் தொப்பி. கண்ணோரத்துச் சுருக்கங்களில் எப்போதும் தங்கியிருக்கும் ஒரு சிரிப்பு. பிறந்த ஆண்டு 1892 என்பாரும் உண்டு, 1893 என்பாரும் உண்டு; எப்படிப் பார்த்தாலும் எழுபதைத் தொட்டுவிட்டவர். பெயர் ஜான் ஹர்ட். பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்று ஒட்டவைத்தது ஓர் இசைத்தட்டு நிறுவனம், அப்படிப் போட்டால் நன்றாக விற்கும் என்பதற்காக. அந்த விழாவுக்குச் சில மாதங்கள் முன்புவரை, அவரை அறிந்த இசை ரசிகர்கள் அனைவரும் அவர் என்றோ இறந்துவிட்டார் என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

யார் இவர்? மிசிசிப்பி மாநிலத்தில் டியோக் என்னும் இடத்தில் பிறந்து, அவலான் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல். ஒன்பது வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் கிடையாது. வீட்டுக்கு வந்து தங்கும் ஒருவர் கிட்டார் வைத்திருந்தாராம். பிறர் அதைத் தொடுவது அவருக்குப் பிடிக்காது. எனவே அவர் உறங்கிய பிறகு, இருட்டில் ஓசைப்படாமல் அதை எடுத்து விரல்களைப் பழக்கியதாக ஜான் ஹர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய வாசிப்பில் கடைசிவரை இருந்த அந்த மென்மை, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்ற அந்தப் பழைய கவனத்திலிருந்து வந்ததோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

பள்ளிப்படிப்பு பத்து வயதுக்கு முன்பே நின்றுவிட்டது. பிறகு வயல் வேலை. பருத்தி, சோளம், மாடு. சில காலம் ரயில் பாதை போடும் கூட்டத்தோடும் வேலை செய்தார். சனிக்கிழமை இரவுகளில் அக்கம்பக்கத்தார் கூடி ஆடும்போது கிட்டார் வாசிப்பார்.

அவர் பாடியவற்றுள் ஒரு வகை 'ப்ளூஸ்'. இந்தச் சொல்லை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தி வயல்களிலும் மர ஆலைகளிலும் உழைத்த கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவான பாட்டு அது. பிரிவு, வறுமை, வழக்கு, சிறை, ஊரைவிட்டுப் போதல் என்று மனிதன் படும் பாட்டையெல்லாம் பாட்டாக்கியவர்கள் அவர்கள். ஒப்பாரி என்று நினைத்துவிட வேண்டாம். அழுகைக்குள்ளேயே கிண்டலும் இருக்கும், கால் தானாகத் தாளம் போடும். அந்நாளில் பல கறுப்பினத் திருச்சபைகள் இதைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கின. சனி இரவு ப்ளூஸ் பாடுகிறவன் ஞாயிறு காலை ஆலயத்தில் எந்த முகத்தோடு நிற்பான் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியால் வாழ்நாள் முழுவதும் இரண்டாகப் பிளந்து துன்பப்பட்ட பாடகர்களும் உண்டு. சன் ஹவுஸ் என்பவர் போதகராக இருந்து ப்ளூஸுக்கு வந்தவர். அந்தப் போராட்டம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஜான் ஹர்ட்டிடம் அந்தப் பிளவு பெரிதாகத் தெரியவில்லை. ஒரே இருப்பில் பக்திப் பாடலும் பாடுவார், அடுத்ததாக ஊர்க்கதையும் பாடுவார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அவருடைய எல்லாப் பாடல்களையும் கோவிலில் பாட முடியாது. இரட்டை அர்த்தம் உள்ளவை சில உண்டு. ஆனாலும் துன்பத்தைப் பாடுவதே விசுவாசத்துக்கு விரோதம் என்று சொல்வோமானால், நம் திருப்பாடல் நூலில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். 88ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் நாம் செபம் என்றுதான் வைத்திருக்கிறோம்.

கதைக்கு வருவோம். வில்லி நார்மோர் என்றொரு வெள்ளையினப் பிடில் கலைஞர் அந்தப் பக்கத்தில் இருந்தார். நடன நிகழ்ச்சிகளில் தம் வழக்கமான கூட்டாளி வராத நாள்களில் ஜான் ஹர்ட்டைக் கூட்டிக்கொள்வார். 1928இல் நார்மோரைத் தேடி ஓகே இசைத்தட்டு நிறுவனத்தின் ஆள் வந்தபோது, இந்த ஊரில் இன்னொருவர் இருக்கிறார் என்று அவர் கைகாட்டினார். அந்த ஒரு சொல் இல்லாமலிருந்தால் நாம் இன்று இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அதே ஆண்டு பிப்ரவரியில் மெம்பிஸ் நகரிலும், டிசம்பரில் நியூயார்க்கிலும் அவர் பாட்டுகள் பதிவாயின. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், அறிமுகமே இல்லாத மாநகரம், மிசிசிப்பி விவசாயி ஒருவர் தனியாக. ஊர் நினைப்பு வாட்டியது. அந்த ஏக்கத்தில் தம் ஊர்ப் பெயரை வைத்தே ஒரு பாட்டுக் கட்டினார். 'அவலான் ப்ளூஸ்' என்று அதற்குப் பெயர். இந்தப் பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டுகள் விற்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரமே சரிந்தது. நிறுவனத்திலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. அவர் ஊருக்குத் திரும்பினார், ஏரைப் பிடித்தார். அப்போது வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். அதன்பின் 35 ஆண்டுகள் அவரை யாரும் கூப்பிடவில்லை.

இந்த 35 ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். வெளியுலகம் எழுதும் வரலாற்றில் இது வெற்றிடம். 1928இல் பதிவு, 1963இல் கண்டுபிடிப்பு, நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் அவலானில் அது வெற்றிடமா? அந்த ஆண்டுகளில் அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். பருத்தி விளைந்தது, பொய்த்தது. சனிக்கிழமை வந்தது. அவர் வாசித்தார். கேட்டவர்கள் சிலர், அவர்களும் அவரைப் போலவே களைத்துப்போன உழைப்பாளிகள். கைதட்டலுக்கு எழுதி வைக்க யாருமில்லை. அவரும் தம்மை ஒரு கலைஞர் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் நியூயார்க் போய்ப் பாடியவன், என்னை உலகம் மறந்துவிட்டதே என்ற கசப்பும் அவரிடம் தென்படவில்லை. இதை எண்ணும்போது நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. நற்கருணை நாதருக்கு முன்னால் பாடுவதற்குக்கூட, ஒலிபெருக்கி யார் பக்கம் இருக்கிறது என்று பாடகர் குழுவில் சண்டை போடுகிறவர்கள் நாம்.

1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார். அதில் ஜான் ஹர்ட்டின் பாடல்கள் இரண்டு இருந்தன. நகரத்து இளைஞர்கள் அந்தக் குரலைக் கேட்டு வியந்தார்கள். விரல்களின் நடையைக் கற்றுக்கொள்ள முயன்றார்கள். பாடியவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. அவரோ அந்த வேளையில் அவலானில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். தம் பாட்டை யாரோ எங்கோ கேட்டு உருகுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

பிறகுதான் அந்த 'அவலான் ப்ளூஸ்' வேலை செய்தது. டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்தப் பாட்டின் பதிவைக் கேட்டார். பாட்டிலேயே ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று வரைபடத்தில் தேடினால், புது வரைபடங்களில் அப்படி ஓர் ஊரே இல்லை. 1878ஆம் ஆண்டின் பழைய வரைபட நூல் ஒன்றில் கிடைத்தது. 1963இன் தொடக்கத்தில் ஹாஸ்கின்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு கடையில் விசாரித்தார். ஜான் ஹர்ட்டா, அதோ மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி இருக்கும் வீடு என்று கையைக் காட்டினார்கள்! உலகம் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டிய மனிதரை, ஊர்க் கடைக்காரர் விரலை நீட்டிக் காட்டிவிட்டார்.

வாசலில் வந்து நின்ற வெள்ளைக்கார இளைஞரைக் கண்டதும் ஜான் ஹர்ட் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. பயந்துபோனார். மத்தியக் காவல் துறையிலிருந்து தம்மைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். ஒரு குற்றமும் செய்யாத எழுபது வயது மனிதர், தம்மைப் புகழ வந்தவரைக் கண்டு, நாம் என்ன தப்புச் செய்தோம் என்று தேடுகிறார்.

இந்தச் செய்தியைப் பலர் சிரிப்புக்காகச் சொல்வார்கள். நம்மால் சிரிக்க முடியவில்லை. அவலானிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மணி என்ற ஊரில்தான், 1955இல் எம்மெட் டில் என்னும் 14 வயது கறுப்பினச் சிறுவனை, வெள்ளைக்காரப் பெண்ணிடம் தகாமல் நடந்துகொண்டான் என்று சொல்லி, இரவில் வந்து தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். கொன்றவர்களுக்கு நீதிமன்றத்தில் விடுதலை. அதே மிசிசிப்பியில், நியூபோர்ட் விழாவுக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் முன்பு, 1963 ஜூன் 12 அன்று, மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாநிலத்தில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்வதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வாழும் ஒரு முதியவர், அறிமுகமில்லாத வெள்ளை முகம் வாசலில் நிற்கும்போது வேறு எதை நினைப்பார்?

ஐந்து மணி ஆள்களை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று நற்செய்தி விளக்கவில்லை. ஆனால் சந்தைவெளியில் ஆள் எடுக்கிறவர்கள் எப்படி எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். உடல் வலுவைப் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பார்கள், எந்த ஊர், யாருடைய ஆள், என்ன நிறம் என்று பார்ப்பார்கள். கடைசிவரை மிஞ்சி நிற்பவர் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஹாஸ்கின்ஸ் போனபோது ஜான் ஹர்ட்டிடம் சொந்தமாகக் கிட்டார்கூட இல்லை. வந்தவர் கொண்டுவந்த கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். விரல்களில் முதலில் விறைப்பு இருந்தது; சிறிது நேரத்தில் அவை வழி கண்டுகொண்டன. சில மாதங்களில் வாஷிங்டன் சென்றார். ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் பாடல்களைப் பதிவுசெய்தது. அதே மாதக் கடைசியில் நியூபோர்ட்.

அந்த விழாவில் அவர் பாடியவை ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. நாம் இன்றும் கேட்கலாம். முதலில் கவனத்தில் படுவது அவருடைய கட்டை விரல். தடித்த தந்திகளில் அது மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடுவதுபோல. அதன்மேல் சுட்டு விரலும் நடு விரலும் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பேசுகின்றன. முதன்முறை கேட்பவர் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று எண்ணிவிடுவார். விரல்கள் இரண்டும் எவ்வளவு விளையாடினாலும் கட்டை விரல் பதறுவதில்லை. வேகம் கூடுவதும் இல்லை.

குரலும் அப்படியே. பல்லாயிரம் பேர் கூடும் விழா அது. பெருங்கூட்டத்தைக் கண்டால் பாடகருக்குக் குரல் தானாக உயரும். அவர் உயர்த்தவில்லை. வீட்டுத் திண்ணையில் நாலு பேருக்குப் பாடுவது எப்படியோ, அப்படியே பாடினார். கூட்டம்தான் அடங்கி, அவர் பக்கம் சாய்ந்து கேட்க வேண்டியதாயிற்று. பேரப்பிள்ளை வயதுள்ள வெள்ளையின மாணவர்கள். அவருடைய மாநிலத்தில் அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒரு காபி குடிக்க முடியாத காலம். இங்கே அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

அவர் வழக்கமாகப் பாடிய பாடல்களில் ஒன்று, ரயில் பாதையில் ஆணி அடிக்கும் தொழிலாளியைப் பற்றியது. ஜான் ஹென்றி என்ற பேராற்றல் கொண்ட தொழிலாளி இயந்திரத்தோடு போட்டி போட்டு வென்று, சுத்தியல் கையில் இருக்கவே இறந்தான் என்பது அந்த நாட்டில் எல்லாரும் அறிந்த வீரக்கதை. ஜான் ஹர்ட் பாடுவது அதன் மறுபக்கம். அந்த வேலை ஒருவனைக் கொன்றது, என்னையும் கொல்ல விடமாட்டேன் என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்விடும் ஒருவனின் பாட்டு. ரயில் பாதையில் தாமே உழைத்த ஒருவர், கோபமில்லாமல், குரல் உயராமல் அதைப் பாடும்போது, மேடைப் பேச்சு எதுவும் தராத ஒரு கனம் அதில் இருக்கிறது. இன்னொரு பாடல், கொலையுண்ட ஒருவனைப் பற்றியது. கொலை எப்படி நடந்தது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. தாயின் கண்ணீரையும், அவனை நல்லடக்கம் செய்வதையுமே சுற்றி வருகிறது. எம்மெட் டில்லின் தாயை நினைக்காமல் அதை நம்மால் கேட்க முடியவில்லை. அந்தச் சிறுவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1928இலேயே பதிவான பாட்டு அது.

விழா முடிந்ததும் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. மூன்று ஆண்டுகள் கல்லூரிகளிலும் காபிக் கடைகளிலும் பெரிய அரங்குகளிலும் பாடினார், தொலைக்காட்சியிலும் வந்தார். நியூபோர்ட் விழா அமைப்பு அவருக்குக் கிட்டார் வாங்கித் தர முன்வந்து, நியூயார்க்கில் ஒரு கடைக்கு அழைத்துப்போனதாம். விலையுயர்ந்தவை வரிசையாகத் தொங்க, அவர் தேர்ந்துகொண்டது அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரண கிட்டார் ஒன்று.

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் நமக்கெல்லாம் இதமாக இருக்கும். காத்திருந்தவருக்குக் கடவுள் கைகொடுத்தார், அவ்வளவுதான் என்று எழுந்து போய்விடலாம். ஆனால் இன்னொரு பெயரையும் சொல்லாமல் போனால் மனச்சாட்சி உறுத்தும்.

ஜான் ஹர்ட் இசைத்தட்டுக்குப் பாடிய அதே காலத்தில், டெக்சாஸ் மாநிலத்தில் ப்ளைண்ட் வில்லி ஜான்சன் என்ற பார்வையற்ற பாடகர் இருந்தார். தெருமுனைகளில் நின்று ஆண்டவரைப் பற்றி மட்டுமே பாடியவர். 1927இல் அவர் பதிவுசெய்த ஒன்றில் சொற்களே கிடையாது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் பட்ட வேதனையைப் பற்றிய பழைய பாசுரம் ஒன்றின் மெட்டை, கிட்டாரோடு சேர்ந்து வெறும் முனகலாகவே பாடியிருக்கிறார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைத் தட்டில் பதித்து அனுப்பினார்களே, அதில் அந்தப் பதிவும் சேர்ந்தது. இந்த நேரத்திலும் அது விண்மீன்களுக்கு இடையில் போய்க்கொண்டிருக்கிறது. பாடியவரோ 1945இலேயே வறுமையில் இறந்துவிட்டார். அவர் வீட்டு வாசலுக்கு எந்த ஹாஸ்கின்ஸும் வரவில்லை.

ஜான் ஹர்ட் 1945இல் இறந்திருந்தால்? அவருக்கும் நாம் யாரும் வந்திருக்க மாட்டோம். உவமையில் வரும் நிலக்கிழார் ஒரே நாளில் ஐந்து முறை சந்தைவெளிக்குப் போகிறார். விடியலில், ஒன்பதுக்கு, நண்பகலில், மூன்றுக்கு, ஐந்துக்கு. ஆள் கிடைத்த பின்பும் போகிறார். ஒரு மணி நேர வேலைதான் மிச்சம் என்று தெரிந்தும் போகிறார். மேற்பார்வையாளரை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. தோட்டத்தைவிட அங்கே நிற்கிறவர்கள்மேல்தான் அவருக்குக் கண் என்று தோன்றுகிறது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் சந்தைவெளிக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்? பெரும்பாலும் போவதில்லை. கூலி வாங்கும் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எட்டிப் பார்ப்பதிலேயே நம் மாலைப்பொழுது போய்விடுகிறது.

நம் பங்கிலும், நம் வீட்டிலேயும்கூட, மேட்டில் மூன்றாவது தபால் பெட்டிகள் இருக்கின்றன. பழைய பாடல்களை இன்னும் அடி பிசகாமல் பாடக்கூடிய பாட்டிகள் இருக்கிறார்கள். பாடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க 1878ஆம் ஆண்டு வரைபடமெல்லாம் வேண்டியதில்லை.

ஜான் ஹர்ட் புகழோடு நகரத்திலேயே தங்கிவிடவில்லை. மனைவியோடு மிசிசிப்பிக்கே திரும்பினார். தம் ஊருக்கு அடுத்துள்ள கிரனேடா நகரில் 1966ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். இறந்த விசுவாசிகள் அனைவரையும் நாம் நினைவுகூரும் நாள் அது. பாப்டிஸ்ட் திருச்சபைச் சூழலில் வளர்ந்த அவருக்கு அந்த நாளின் பொருள் நமக்குப் போல் தெரிந்திருக்காது. உலகெங்கும் நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்த பொழுதில் அவர் கண் மூடினார். அவலானுக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் இருக்கும் சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்றில், அவர் 35 ஆண்டுகள் யாருக்காக வாசித்தாரோ அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் அவரை அடக்கம் செய்தார்கள்.